தரையில் விழுந்து கும்பிட்டவர் எழ முடியவில்லை: வயதா, மாத்திரையா?

கேள்வி: கானாடுகாத்தான் மகள்

அனைவருக்கும் வணக்கம். என் ஆத்தாவுக்கு வயது 67. கானாடுகாத்தானில் எங்கள் பழைய வீட்டில், பகலில் வேலைக்கு வந்துபோகும் ஓர் அக்காவின் துணையோடு இருக்கிறார். நான் சென்னையிலிருந்து மாதம் ஒருமுறை போய்வருகிறேன். சென்ற வைகாசியில் அவருக்கு நெஞ்சுவலி வந்து, மதுரையில் ஆஞ்சியோ செய்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். அன்றிலிருந்து ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், மெட்டோப்ரோலால், இரவில் கொழுப்புக்காக அட்டோர்வாஸ்டாட்டின் 80 மில்லிகிராம் ஆகியவற்றை ஒரு வேளையும் தவறாமல் எடுத்துவருகிறார். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல ஆண்டுகளாக உண்டு.

பிள்ளையார் நோன்பன்று எல்லோரும் வீட்டில் கூடியிருந்தோம். இழை எடுத்துக்கொண்டு விழுந்து கும்பிட்ட ஆத்தா, எழுந்திருக்க முடியாமல் அப்படியே இருந்துவிட்டார். முதலில் அவர் மனமுருகி வேண்டிக்கொண்டிருக்கிறார் என்றுதான் நினைத்தோம். பிறகு நானும் என் அயித்தானும் இரு பக்கமும் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது. வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், மூன்று மணி நேரம் சம்மணமிட்டு உட்கார்ந்து ஓலைக் கொட்டான் முடைந்துவிட்டுக் கையை ஊன்றாமல் எழுந்துபோகிறவர் அவர். சென்ற தைப்பூசத்தின்போது குன்றக்குடி மலைப்படியைத் தானே ஏறி இறங்கியவர், இப்போது முகப்பிலிருந்து தெருவுக்கு இறங்கும் படிகளில் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கொண்டை போடக் கையைத் தூக்கினால் பாதியிலேயே கை இறங்கிவிடுகிறது. வலி பெரிதாக இல்லை, தொடை கல்லாகக் கனக்கிறது என்கிறார்.

இடையில் நடந்தது ஒன்றுதான். திருக்கார்த்திகை தீபம் முடிந்ததும் நெஞ்சுச் சளியும் காய்ச்சலும் வந்தன. அருகிலிருந்த ஒரு மருத்துவரிடம் காட்டி, அவர் எழுதிக்கொடுத்த கிளாரித்ரோமைசின் என்ற ஆண்டிபயாட்டிக் மாத்திரையைப் பத்து நாள்கள் எடுத்துக்கொண்டதில் சளி சரியாகிவிட்டது. சளியில் சாப்பாடு குறைந்ததால் வந்த அசதி என்று சிலர் சொல்கிறார்கள், வயது என்று சிலர் சொல்கிறார்கள், எல்லா மாத்திரையையும் நிறுத்திவிடு என்று அயித்தான் சொல்கிறார். மாத்திரையால் தசை இப்படி வலுவிழக்குமா? எதையாவது நிறுத்தலாமா? எந்தப் பரிசோதனையைக் கேட்டுச் செய்ய வேண்டும்?

மறுமொழி: ஓய்வுபெற்ற மருந்தாளுநர், காரைக்குடி

அம்மா, நீங்கள் இடையில் நடந்தது என்று எழுதியிருக்கும் அந்தப் பத்து நாள் சளி மாத்திரையில்தான் என் கண் நின்றுவிட்டது. ஆகவே விளக்கத்தை அடுத்து வைத்துக்கொண்டு, செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டிலிருக்கும் அந்த அக்காவுக்கு இப்போதே தொலைபேசியில் அழைத்து, ஆத்தாவின் சிறுநீர் என்ன நிறத்தில் போகிறது, வழக்கமான அளவு போகிறதா என்று கேளுங்கள். கடுங்காப்பி நிறத்தில் போனாலோ, அளவு குறைந்திருந்தாலோ, விழுங்கவும் மூச்சு விடவும் சிரமப்பட்டாலோ, நேரம் பார்க்காமல் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அப்படி எதுவும் இல்லாவிட்டாலும் நாளை காலைக்குள் மருத்துவர் ஒருவர் அவரைப் பார்த்தாக வேண்டும்.

இரத்தத்தில் சிபிகே என்று கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கிரியேட்டின் கைனேஸ் என்பதும் அதுவே. தசை நார்கள் சிதையும்போது உள்ளிருந்து இரத்தத்தில் கசியும் நொதி அது. அதோடு சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின், பொட்டாசியம், தைராய்டுக்கான டிஎஸ்எச், வைட்டமின் டி ஆகியவற்றையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. தைராய்டை நான் வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தைராய்டு சுரப்பு குறைந்தால் அதுவே இரத்தத்தில் கொழுப்பை ஏற்றும், தசையையும் தளர்த்தும், சிபிகே அளவையும் உயர்த்தும். அப்படிப்பட்டவருக்குக் கொழுப்பு மாத்திரை கொடுத்தால் தசைப் பாதிப்பு வரும் வாய்ப்பும் கூடுகிறது. கொழுப்புக்கு மாத்திரை எழுதும் முன் தைராய்டைப் பார்க்காமல் விட்ட மருந்துச் சீட்டுகள் என் கடை மேசைக்குப் பலமுறை வந்திருக்கின்றன.

இனி விளக்கம். அட்டோர்வாஸ்டாட்டினைக் குடலிலும் கல்லீரலிலும் சிதைத்து வெளியேற்றும் வேலையைச் செய்வது சிஒய்பி3ஏ4 என்னும் நொதி. கிளாரித்ரோமைசின் அந்த நொதியை முடக்கிவிடுகிறது. கழிவது நின்று, உள்ளே போவது மட்டும் ஒவ்வோர் இரவும் தொடர்ந்தால், மடை அடைபட்ட ஊருணிபோல மருந்து இரத்தத்தில் தேங்கும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வில், உடல் எதிர்கொண்ட அட்டோர்வாஸ்டாட்டின் அளவு நாலரை மடங்கு ஆனதாக அந்த மருந்தின் விவரக் குறிப்பிலேயே இருக்கிறது. கிளாரித்ரோமைசின் கொடுக்கும் நாள்களில் அட்டோர்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பதும் அதே குறிப்பில் உள்ள எச்சரிக்கை. உங்கள் ஆத்தா எடுத்தது 80. சளிக்கு மருந்து எழுதியவருக்கு இவர் இரவில் என்ன எடுக்கிறார் என்பது தெரிந்திருக்காது. இதய மருத்துவருக்குச் சளி வந்ததே தெரிந்திருக்காது. இரண்டு சீட்டும் ஒரே கடைக்கு வந்திருந்தால் கடைக்காரர் பிடித்திருக்கலாம். அதற்குப் பதிலாக அசித்ரோமைசின் என்ற ஆண்டிபயாட்டிக் கொடுத்திருந்தால் இந்த மோதல் ஏறக்குறைய இருந்திருக்காது.

அயித்தான் சொல்வதுபோல எல்லாவற்றையும் நிறுத்திவிடாதீர்கள். ஸ்டென்ட் வைத்து ஓராண்டுகூட ஆகாத நிலையில் ஆஸ்பிரினையோ குளோபிடோகிரெல்லையோ தாமாக நிறுத்தினால் ஸ்டென்டுக்குள் இரத்தம் உறைந்து, உயிருக்கே ஆபத்து வரலாம். மெட்டோப்ரோலாலையும் திடீரென்று விடக் கூடாது. மருத்துவரைக் கேட்க முடியாத இரவாக இருந்தால், இன்றிரவு அட்டோர்வாஸ்டாட்டினை மட்டும் கொடுக்காமல் வைத்து, காலையில் அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். பெட்டியில் இருக்கும் மாத்திரை, பொடி, தைலம், லேகியம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு உடன் எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வொன்றையும் எந்தத் தேதியில் தொடங்கினார், எந்தத் தேதியில் அளவு கூட்டினார்கள், எப்போது நிறுத்தினார் என்று ஒரு தாளில் எழுதி, அதன் பக்கத்திலேயே உடம்பில் என்ன மாற்றம் எப்போது தெரிந்தது என்பதையும் எழுதுங்கள். தேதி வரிசை கண்முன் இருந்தால் மருத்துவர் பாதி வேலையை அங்கேயே முடித்துவிடுவார்.

2001ஆம் ஆண்டில் செரிவாஸ்டாட்டின் என்ற கொழுப்பு மருந்தை உலகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெற்றார்கள். தசை சிதைந்து சிறுநீரகம் செயலிழந்து பலர் இறந்ததுதான் காரணம். அவர்களில் கணிசமானோர் ஜெம்ஃபிப்ரோசில் என்ற இன்னொரு கொழுப்பு மருந்தையும் சேர்த்து எடுத்தவர்கள். அப்போது நான் கடையில் இருந்தேன். தனியாக இருக்கும்போது சாதுவான ஒரு மருந்து, இன்னொன்றோடு சேரும்போது என்னவாகும் என்பதை அந்த ஆண்டுதான் நான் நெஞ்சில் எழுதிக்கொண்டேன்.

மறுமொழி: இயன்முறை மருத்துவர், தேவகோட்டை

சகோதரி, மருந்தாளுநர் ஐயா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். நீங்கள் விவரித்த விதத்திலேயே ஒரு முக்கியமான குறிப்பு இருக்கிறது என்பதை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன்.

வயதானவர் முடியவில்லை என்று சொல்லும்போது, அது அசதியா, வலியா, உண்மையான வலுவின்மையா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அசதியுள்ளவர் ஓய்வெடுத்தால் எழுந்துவிடுவார். வலியுள்ளவர் முகத்தைச் சுளித்துக்கொண்டாவது எழுவார். தசை வலுவிழந்தவரோ, வலி இல்லாதபோதும், மனம் இருந்தும், எழ முடியாமல் தவிப்பார். உங்கள் ஆத்தா மூன்றாவது வகையாகத் தெரிகிறார். அதிலும் தரையிலிருந்து எழுவது, படியேறுவது, கொண்டை போடுவது என்று நீங்கள் எழுதிய மூன்றும் இடுப்பு, தொடை, தோள் ஆகியவற்றின் பெரிய தசைகள் செய்யும் வேலைகள். இரு பக்கமும் ஒரே அளவில் இந்தப் பெரிய தசைகள் தளர்வது, தசையிலேயே கோளாறு இருப்பதற்கான அடையாளம். சர்க்கரையாலோ பி12 குறைவாலோ நரம்பு கெட்டால் பெரும்பாலும் பாதத்திலிருந்து தொடங்கும். காலிலிருந்து செருப்பு கழன்று போவது தெரியாது, தரையைத் தொட்டால் பஞ்சின்மேல் நிற்பதுபோல இருக்கும். மெட்ஃபார்மினைப் பல ஆண்டுகள் எடுப்பவர்களுக்கு பி12 குறையக்கூடும் என்பதால் அதையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் தரையிலிருந்து எழ முடியாமையை அது விளக்காது. இமை கீழே தொங்குவது, பொருள்கள் இரண்டாகத் தெரிவது, காலையில் தெம்பாக இருந்துவிட்டு மாலையில் தளர்வது ஆகியவை இருந்தால் அது வேறு நோய். சில ஆண்டிபயாட்டிக் மருந்துகள் அந்த நோயை வெளிக்கொண்டுவரும் என்பதால் அதையும் கவனித்துச் சொல்லுங்கள்.

எங்கள் பகுதி வீடுகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சென்னை அடுக்ககத்தில் நாற்காலியிலும் கட்டிலிலும் வாழ்கிறவருக்கு இந்தத் தளர்ச்சி மாதக்கணக்கில் வெளியே தெரியாமல் போகும். திண்ணை, நிலைப்படி, வளவுக்கு இறங்கும் படி, தரையில் பந்தி என்று நாள் முழுவதும் ஏறி, இறங்கி, உட்கார்ந்து எழும் வீட்டில் வாழ்ந்ததால்தான் உங்கள் ஆத்தாவின் குறை இவ்வளவு சீக்கிரம் தெரிந்தது. அந்த வீட்டிலேயே ஆபத்தும் இருக்கிறது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் தண்ணீர் சிந்தினால் வழுக்கும். தொடைக்கு வலுவில்லாதவர் சறுக்கினால் தன்னை நிறுத்திக்கொள்ள முடியாது. மருத்துவரைப் பார்க்கும் வரை அவர் முக்காலியிலோ நாற்காலியிலோ உட்காரட்டும், கிணற்றடிக்குத் தனியே போக வேண்டாம்.

இரத்தம் எடுப்பதற்கு முன் யாரும் தைலம் தேய்த்து அழுத்திப் பிடித்துவிட வேண்டாம், உடற்பயிற்சி செய்தால் சரியாகும் என்று உட்கார்ந்து எழச் சொல்லவும் வேண்டாம். கடுமையான பயிற்சியும் தசையில் போடும் ஊசியும் சிபிகே அளவை ஏற்றிக் குழப்பிவிடும். சிதைந்துகொண்டிருக்கும் தசைக்கு அந்த நேரத்தில் பயிற்சி கொடுப்பது கெடுதியும்கூட. அளவு இறங்கிய பிறகு பயிற்சியைப் பற்றிப் பேசலாம்.

மறுமொழி: பொன்னமராவதி மருமகள்

ஆச்சிக்கு, அதாவது உங்கள் ஆத்தாவுக்கு, இது பொருந்துமா என்று தெரியாமலேதான் எழுதுகிறேன். ஆனாலும் எங்கள் வீட்டில் நடந்ததை இந்த இடத்தில் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை.

என் மாமனாருக்கு முழங்கால் வலி. ஊர் ஊராக வந்துபோகும் ஒருவரிடம் மூட்டுவலிக்குப் பொடி வாங்கிச் சாப்பிட்டார். முதல் வாரத்திலேயே வலி பறந்துவிட்டது. பசி கூடியது, முகம் பூரித்தது. அப்பா தேறிவிட்டார் என்று நாங்கள் மகிழ்ந்தோம். ஏழெட்டு மாதங்கள் கழித்துத்தான், முகம் பூரித்திருந்தும் கைகாலெல்லாம் மெலிந்துவிட்டதைக் கவனித்தோம். பட்டாலைத் திண்ணையில் உட்கார்ந்தால் எழ ஆள் வேண்டும். லேசாக இடித்துக்கொண்டாலே தோலில் ஊதா நிறத்தில் இரத்தம் கட்டியது. சர்க்கரை இல்லாதவருக்குச் சர்க்கரை ஏறியது. சிபிகே பார்த்தார்கள், அது சரியாகவே இருந்தது. பிறகு அனுபவமுள்ள ஒரு மருத்துவர் முகத்தைப் பார்த்த உடனேயே, இவர் ஸ்டீராய்டு எடுக்கிறாரா என்று கேட்டார். இல்லவே இல்லை, நாட்டு மருந்து மட்டும்தான் என்று நாங்கள் உறுதியாகச் சொன்னோம். அந்த நாட்டு மருந்தைக் கொண்டுவாருங்கள் என்றார். பொடியைச் சோதித்துப் பார்த்ததில் ஸ்டீராய்டு கலந்திருந்தது தெரிந்தது.

ஸ்டீராய்டால் வரும் தசைத் தளர்ச்சியில் வலி இருக்காது, சிபிகே அளவும் பெரும்பாலும் உயராது என்று அந்த மருத்துவர் விளக்கினார். ஆகவே சிபிகே சரியாக இருக்கிறது என்ற ஒன்றை வைத்து மருந்துக்கும் தளர்ச்சிக்கும் தொடர்பில்லை என்று யாரும் முடிவு செய்துவிட வேண்டாம். இன்னொன்றையும் நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். உண்மை தெரிந்த அன்றே ஆத்திரத்தில் என் கணவர் அந்தப் பொடியைக் குப்பையில் கொட்டிவிட்டார். மூன்றாம் நாள் மாமாவுக்கு வாந்தியும் மயக்கமும் வந்து, இரத்த அழுத்தம் இறங்கி, மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்தால் உடம்பு தானே சுரக்கும் அளவை நிறுத்திக்கொள்கிறது, ஆகவே அதைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்றார்கள். இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இன்று பிடிமானம் இல்லாமல் எழுகிறார், ஆனால் பழைய தெம்பு முழுவதும் திரும்பவில்லை. வைத்தியமுறை எதையும் நான் குறைசொல்ல வரவில்லை. முறையாகப் படித்த சித்த மருத்துவர் தரும் மருந்தில் என்ன இருக்கிறது என்று கேட்டால் சொல்வார், எழுதியும் தருவார். பெயர் எழுதாத பொட்டலத்தில் வரும் எதையும் ஆச்சி எடுத்தாரா என்று ஒருமுறை நயமாகக் கேளுங்கள். நாம் திட்டுவோம் என்று பெரியவர்கள் மறைத்துவிடுவார்கள்.

மறுமொழி: பள்ளத்தூர்

என் கருத்து வேறு. என் தமையனார் கொழுப்பு மாத்திரையை நான்கு ஆண்டுகள் எடுத்தார். எப்போதும் கால் வலி, தொடை வலி என்றே இருந்தார். ஒருநாள் நிறுத்திவிட்டார், வலி போய்விட்டது. இப்போது நன்றாக நடக்கிறார். இந்த மாத்திரைகள் தசையை அரிக்கின்றன என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உணவைக் கட்டுப்படுத்தி, தினமும் நடந்தால் போதும். ஆச்சிக்கு அதை நிரந்தரமாக நிறுத்திவிடச் சொல்லுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

மறுமொழி: பொது மருத்துவர், சிவகங்கை மாவட்டம்

பள்ளத்தூர் ஐயாவின் அக்கறையை மதிக்கிறேன், அவருடைய தமையனாருக்கு வலி இருந்ததையும் நம்புகிறேன். ஆனால் நிரந்தரமாக நிறுத்தச் சொல்வதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இதே அறிவுரையைக் கேட்டு மாத்திரையை விட்டு, இரண்டாம் முறை மாரடைப்போடு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

2022இல் லான்செட் இதழில் ஒரு பெரிய தொகுப்பாய்வு வெளிவந்தது. உண்மை மாத்திரை யாருக்கு, வெற்று மாத்திரை யாருக்கு என்பது எடுப்பவருக்கும் கொடுப்பவருக்கும் தெரியாமல் நடத்தப்பட்ட 19 ஆய்வுகளில், ஏறக்குறைய 1,24,000 பேரின் விவரங்களை அதில் சேர்த்துப் பார்த்தார்கள். ஸ்டாட்டின், அதாவது அட்டோர்வாஸ்டாட்டின் வகைக் கொழுப்பு மாத்திரை, எடுத்தவர்களில் 27.1 சதவீதத்தினரும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 26.6 சதவீதத்தினரும் தசை வலியோ தளர்ச்சியோ இருப்பதாகச் சொன்னார்கள். அதாவது, நடுவயதைத் தாண்டியவர்களுக்குத் தசை வலி வருவது இயல்பு. மாத்திரை எடுக்கும்போது அது வந்தால் மாத்திரையின்மேல் பழி விழுகிறது. 2020இல் இங்கிலாந்தில், பக்கவிளைவால் ஸ்டாட்டினை விட்டுவிட்ட 60 பேருக்கு, சில மாதங்கள் உண்மை மாத்திரையும் சில மாதங்கள் வெற்று மாத்திரையும் சில மாதங்கள் எதுவுமின்றியும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். உண்மை மாத்திரையில் தோன்றிய தொல்லையில் 90 சதவீதம் வெற்று மாத்திரையிலும் தோன்றியது. அவர்கள் பட்ட வலி பொய்யன்று. அச்சமும் எதிர்பார்ப்பும்கூட உடம்பில் வலியை உண்டாக்கும். முடிவைக் காட்டி விளக்கிய பின் அவர்களில் பாதிப்பேர் மீண்டும் மாத்திரையை எடுக்கத் தொடங்கினார்கள்.

இதைச் சொல்லிவிட்டு, உடனே மறுபக்கத்தையும் அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தக் கணக்கைக் காட்டி உங்கள் ஆத்தாவின் தளர்ச்சியையும் மனத்தின் வேலை என்று யாரும் தள்ளிவிடக் கூடாது. வலி என்று வாயால் சொல்வது வேறு, நேற்றுவரை எழுந்தவர் இன்று எழ முடியாமல் போவது வேறு. பின்னது அரிதானது, ஆனால் உண்மையானது. மாத்திரை அளவு அதிகம், வயது அதிகம், பெண், மெலிந்த உடல், சிறுநீரகக் குறை, தைராய்டுக் குறை, மோதும் இன்னொரு மருந்து என்று ஒவ்வொன்றும் சேரச்சேர அந்த அரிய வாய்ப்பு கூடிக்கொண்டே போகும். இவரிடம் குறைந்தது நான்கு சேர்ந்திருக்கின்றன. சிபிகே இயல்பின் உச்ச அளவைவிடப் பத்து மடங்குக்கு மேல் போனால் ஸ்டாட்டினை உடனே நிறுத்தி, நரம்பு வழியாக நீர் ஏற்றிச் சிறுநீரகத்தைக் காப்போம். சிதைந்த தசையிலிருந்து வரும் மயோகுளோபின் என்ற புரதம் சிறுநீரில் கலப்பதால்தான் சிறுநீர் கருக்கிறது, அதுவே சிறுநீரகக் குழல்களையும் அடைத்துக் கெடுக்கக்கூடும்.

பெரும்பாலோருக்கு மருந்தை நிறுத்திய சில வாரங்களில் தசை தேறிவிடும். நிறுத்தி இரண்டு மூன்று மாதங்கள் ஆகியும் சிபிகே ஆயிரக்கணக்கில் நின்று, தளர்ச்சியும் கூடிக்கொண்டே போனால், இன்னும் அரிதான ஒரு நிலையை நினைக்க வேண்டும். ஸ்டாட்டின் எந்த நொதியைத் தடுக்கிறதோ அதே நொதிக்கு எதிராக உடம்பே எதிர்ப்புப் பொருளை உண்டாக்கித் தசையைத் தாக்கும் நோய் அது. 2010க்குப் பிறகுதான் தெளிவாக அடையாளம் காணப்பட்டது. அதற்குத் தனிப் பரிசோதனையும் தனிச் சிகிச்சையும் உண்டு.

மற்ற காரணங்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், வேறு வீடுகளில் இதைப் படிக்கிறவர்களுக்குப் பயன்படலாம். நீர் பிரியக் கொடுக்கும் ஃபுரோசமைடு போன்ற மாத்திரைகளும், இரத்த அழுத்தத்துக்கான சிலவும் பொட்டாசியத்தைக் குறைத்துக் கால்களைத் தளரச் செய்யும். இருமலுக்கு நல்லது என்று அதிமதுரத்தை நாள்தோறும் அதிக அளவில் வாரக்கணக்கில் எடுத்தாலும் பொட்டாசியம் இறங்கும், இரத்த அழுத்தம் ஏறும். கௌட் வாதத்துக்கான கோல்சிசின், சிறுநீரகம் பழுதானவர்களுக்குத் தசையையும் நரம்பையும் சேர்த்துக் கெடுக்கும். அதோடும் கிளாரித்ரோமைசினைச் சேர்க்கக் கூடாது. மூட்டு நோய்க்கு நெடுங்காலம் எடுக்கும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மிக அரிதாக இதையே செய்யும்.

கேள்வி கேட்டவரின் பதில்: கானாடுகாத்தான் மகள்

ஐந்து வாரங்கள் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மருந்தாளுநர் ஐயாவின் பதிலைப் படித்த இரவே அக்காவுக்கு அழைத்தேன். சிறுநீர் இரண்டு நாள்களாகத் தேநீர் நிறத்தில் போவதாகவும், தண்ணீர் குறைவாகக் குடிப்பதால் இருக்கும் என்று ஆச்சி சொன்னதாகவும் சொன்னார். என் கை நடுங்கிவிட்டது. அயித்தான் அப்போதே காரில் ஆத்தாவை ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார், நான் விடியற்காலையில் போய்ச் சேர்ந்தேன்.

சிபிகே 6,240 இருந்தது, இயல்பைவிடப் பல மடங்கு. கிரியேட்டினின் 0.9 என்பதால் சிறுநீரகம் தப்பித்தது. பொட்டாசியம் இயல்பாக இருந்தது. டிஎஸ்எச் 22 இருந்தது, அதாவது தைராய்டு குறைவு. இத்தனை நாள் அது யாருக்கும் தெரியாமல் இருந்திருக்கிறது. வைகாசியில் கொழுப்பு அவ்வளவு ஏறியிருந்ததற்கும், இரண்டு ஆண்டுகளாக ஆத்தா குளிர்கிறது குளிர்கிறது என்று சித்திரை மாதத்திலும் போர்த்திக்கொண்டதற்கும் அதுவும் காரணமாக இருந்திருக்கலாம் என்றார்கள். மூன்று நாள்கள் நீர் ஏற்றினார்கள். அட்டோர்வாஸ்டாட்டினை நிறுத்திவிட்டார்கள், மற்ற இதய மாத்திரைகளைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பொன்னமராவதி மருமகள் சொன்னதை மனத்தில் வைத்துக் கேட்டேன். பொட்டலப் பொடி எதுவும் இல்லை, கோடாலித் தைலம் மட்டும்தான் என்றார் ஆத்தா.

பன்னிரண்டாம் நாள் சிபிகே 410க்கு வந்தது, சென்ற வாரம் 138. இப்போது நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுகிறார். கொண்டையைத் தானே போட்டுக்கொள்கிறார். தரையில் உட்கார இன்னும் விடவில்லை. கொட்டான் முடைய ஓலையைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார், மேசைமேல் வைத்து முடையச் சொல்லியிருக்கிறோம். கொழுப்புக்கு இப்போதைக்கு எசெட்டிமைப் மட்டும் கொடுத்திருக்கிறார்கள். தைராய்டு மாத்திரை 50 மைக்ரோகிராம் தொடங்கியிருக்கிறார்கள். டிஎஸ்எச் இறங்கிய பிறகு ரோசுவாஸ்டாட்டினை 5 மில்லிகிராமில் தொடங்கிப் பார்க்கலாம் என்கிறார் இதய மருத்துவர். மறுபடியும் அதே வகை மாத்திரையா என்று நான் அஞ்சுகிறேன். இரண்டு கேள்விகள். அதைத் தொடங்கும்போது நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்? இந்த இரண்டு மருந்தும் சேர்ந்ததால் நடந்ததை, யாரையும் குற்றம் சாட்டுவதற்காக அல்லாமல், எங்காவது பதிவு செய்ய முடியுமா?

மறுமொழி: ஓய்வுபெற்ற மருந்தாளுநர், காரைக்குடி

138 என்று படித்ததும் மனம் நிறைந்தது அம்மா. தேநீர் நிறம் என்று அந்த அக்கா மறைக்காமல் சொன்னதற்கு என் வணக்கத்தை அவரிடம் சொல்லுங்கள்.

ரோசுவாஸ்டாட்டினைச் சிதைப்பதில் அந்தச் சிஒய்பி3ஏ4 நொதிக்குப் பங்கு மிகக் குறைவு. ஆகவே கிளாரித்ரோமைசினோடு நடந்த அதே மோதல் இதில் நடக்காது. இதுவும் ஸ்டாட்டின்தான் என்பதால் தசையைக் கவனிக்கவே வேண்டும். உங்கள் இதய மருத்துவர் தைராய்டு சரியாகும்வரை பொறுத்திருப்பதும், குறைந்த அளவில் தொடங்குவதும் சரியான வழி. தொடங்கும் முன் சிபிகே ஒருமுறை, தொடங்கிய சில வாரங்களில் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் ஒரே நாற்காலியில், கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்கார எத்தனை விநாடி ஆகிறது என்று, யாராவது பக்கத்தில் நிற்கும்போது, வாரம் ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்து எழுதி வையுங்கள். முதுமைத் தசைத் தேய்வுக்கான ஆசிய வல்லுநர் குழு 2019இல் வகுத்தபடி 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் அது குறைந்த திறன். ஆத்தாவுக்கு இப்போது 12க்கு மேல்தான் ஆகும், அதைக் கண்டு கலங்க வேண்டாம். வாரத்துக்கு வாரம் அந்த எண் இறங்குகிறதா, ரோசுவாஸ்டாட்டின் தொடங்கிய பின் மீண்டும் ஏறுகிறதா என்பதுதான் நமக்கு வேண்டும். தேவகோட்டை இயன்முறை மருத்துவரிடம் இதைக் காட்டிப் பயிற்சியைத் தொடங்குங்கள்.

தைராய்டு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு கொடுத்து, காப்பிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். சுண்ணாம்புச் சத்து மாத்திரையோ இரும்புச் சத்து மாத்திரையோ இருந்தால் நான்கு மணி நேரம் தள்ளிக் கொடுங்கள். அளவு சரியா என்று பார்க்கும் டிஎஸ்எச் பரிசோதனையை ஆறு முதல் எட்டு வாரங்கள் கழித்துச் செய்வதே முறை.

பதிவு செய்ய முடியும், செய்யவும் வேண்டும். மருந்துகளின் பக்கவிளைவுகளைப் பதிவு செய்யும் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010இல் தொடங்கப்பட்டது, அதன் தேசிய மையம் காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையத்தில் இயங்குகிறது. நோயாளியோ அவர் வீட்டாரோ நேரடியாகத் தெரிவிக்கலாம், அதற்கான படிவம் தமிழிலும் உண்டு. 1800 180 3024 என்ற கட்டணமில்லா எண்ணிலும் சொல்லலாம். மருத்துவர் பெயரையோ கடையின் பெயரையோ குற்றம் சாட்டி எழுத வேண்டிய தேவை இல்லை. எந்த மருந்து, என்ன அளவு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதிவரை, என்ன நேர்ந்தது, நிறுத்திய பின் என்ன ஆயிற்று என்பதுதான் அவர்களுக்கு வேண்டும். நீங்கள் எழுதிய தேதித்தாளே போதுமானது.

அந்தத் தாளின் ஒரு படியை மாத்திரைப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டிவிடுங்கள். அதன் மேலே, அட்டோர்வாஸ்டாட்டினால் தசைச் சிதைவு ஏற்பட்டது, கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின், இட்ராகொனசோல் கொடுக்கும் முன் கேட்கவும் என்று சிவப்பு மையில் எழுதுங்கள். அடுத்த முறை சளிக்கு யாரிடம் போனாலும் அந்தப் பெட்டியோடு போகட்டும்.